மலைமேல் கேக்

டிராம் கதவு மூடப்போன நேரத்தில் ரேனாட்டே உள்ளே பாய்ந்து ஏறினார். மடியில் கேக் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஃபோல்கர் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அவன் வசிக்கும் கார் இல்லாக் குடியிருப்பின் தலைவி அவர். வருடா வருடம் சைக்கிள் மணியில் கைவைத்து, கார் இல்லை என்று எல்லோரும் அவர்முன் சத்தியம் செய்ய வேண்டும். பொய் என்று தெரிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஃபோல்கரின் கார், டிராமின் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி ஒரு பண்ணைக்காரரின் கொட்டகையில் ஒளிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் போகாத மலைக்கிராமத்தில் மாமியார். இன்று ஞாயிறு, அந்த அம்மாளுக்கு எண்பதாவது பிறந்தநாள். மனைவி நேற்றே போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் கேக் போய்ச் சேர வேண்டும்.

"என்ன ஃபோல்கர், கேக்கும் கையுமா?"

"சும்மா... மலைமேல நடக்கலாம்னு, தலைவரம்மா."

"கேக்கோடயா?"

"மேல உக்காந்து சாப்பிட்டா தனி ருசி."

ரேனாட்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார். வாடகைக் கார் எடுத்த பல் டாக்டரைப் பொதுக்கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி அழவைத்த பார்வை அது.

"நானும் நடக்கத்தான் வந்தேன். சேர்ந்தே போவோம்."

கடைசி நிறுத்தத்தில் கொட்டகை இடப்பக்கம். ஃபோல்கர் வலப்பக்கம் திரும்பி, இருப்பதிலேயே செங்குத்தான பாதையில் ஏறினான். ரேனாட்டேக்கு மூச்சு வாங்கியது. ஆனால் விடவில்லை.

"முடியலைன்னா நீங்க இறங்குங்க, தலைவரம்மா."

"எனக்கென்ன? நீங்க வேணா இறங்குங்க."

உச்சியில் ஒரு பெஞ்சு.

"எங்க, கேக்கைப் பிரிங்க."

வேறு வழியில்லை. பிரித்தான். கிரீமில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர்.

"யாரு இந்த எடெல்ட்ராவுட்?"

"பேக்கரிக்காரர் சம்சாரம். எல்லாக் கேக்லயும் எழுதுவாரு."

"பாசக்கார மனுஷன்."

மாமியார் பெயரின் குறுக்கே பேனாக்கத்தியை இறக்கினான். அப்போதுதான் மனைவி போனில் அழைத்தாள்.

"எங்கய்யா இருக்கே? அம்மா கையில கத்தியோட உக்காந்திருக்காங்க!"

"வந்துட்டே இருக்கேன்," என்று வைத்தான்.

"யாரு?" என்றார் ரேனாட்டே.

"பேக்கரிக்காரர். கேக் எப்படி இருக்குன்னு..."

"வந்துட்டே இருக்கேன்னீங்களே?"

"இன்னொண்ணு வாங்கத்தான்."

ரேனாட்டே பெரிய துண்டாக இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். மழை கொட்டத் தொடங்கியது. மிச்சக் கேக்கை மேல்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஃபோல்கர் ஓடினான். கீழே வந்ததும் ரேனாட்டே இடப்பக்கம் கை காட்டினார்.

"அதோ கொட்டகை! ஒதுங்கலாம்!"

"வேண்டாம், அங்க நாய் இருக்கும்!"

"அது கடிக்காது, வாங்க!"

உள்ளே நுழைந்ததும் எதிரிலேயே அவனுடைய சிவப்புக் கார். கூரை ஓட்டையிலிருந்து அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபோல்கர் கேக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"தலைவரம்மா, என்னை மன்னிச்சிடுங்க. பிள்ளைகளோட திடீர்னு வீட்டைக் காலி பண்ணச் சொன்னா நாங்க எங்க போவோம்? அந்தக் கார்..."

ரேனாட்டேயின் முகம் வெளுத்தது. உதடு துடித்தது. கோபம் வெடிக்கப்போகிறது என்று ஃபோல்கர் கண்ணை மூடிக்கொண்டான்.

ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தமிடப் பண்ணைக்காரர் வந்தார். நேராக ரேனாட்டேயிடம் போனார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. இவரு வண்டி குறுக்க நிக்குது, இவரு எடுத்தாத்தான் உங்க வண்டி வெளிய வரும்."