எட்டுப் பத்துக்கு விழுந்த அறை

மனிதகுலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேடியும் கண்டடையாத அமைதி, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஏழு மாடிகளும் ஒரு லிஃப்டுமாக எழுந்து நிற்கிறது. அதன் பெயர் 'சாந்தசாகரம்' தொடர்மாடி. அங்கே வன்முறை கிடையாது. கிடையாது என்று வாசலில் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை 'வன்முறையற்ற குடியிருப்பு' என்ற சான்றிதழைக் கொடுக்க நடுவர்கள் வரவிருந்தார்கள். அதை மாட்டுவதற்கு ஆணிகூட அடித்தாகிவிட்டது.

இத்தகைய புண்ணிய தலத்தின் கேட்டில் காவல் நிற்கும் பாக்கியம் பொகவந்தலாவையிலிருந்து வந்த சிவக்கொழுந்துக்கு வாய்த்திருந்தது. நாற்பத்தாறு வயது. அவரிடம் ஒரே ஒரு குறைதான். சட்டம் என்று எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்துவிடுவார்.

கேட்டின் சட்டம் இதுதான்: நடப்பது எதுவானாலும் சம்பவப் புத்தகத்தில் எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தில்லாத பதிவு பொய்ப் பதிவு. பொய்ப் பதிவு எழுதிய காவலாளியை, அவரை வேலைக்கு அனுப்பிய காவல் கம்பனி அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு அனுப்பிவிடும். இவருக்கு முன்பிருந்தவர் அப்படித்தான் போனார். ஒரு பூனை உள்ளே வந்ததை எழுதிவிட்டார், பூனை ஒத்துழைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறியின் இலக்கத்தை எழுதி முடித்துக் கேட்டைத் திறக்கச் சிவக்கொழுந்துக்குப் பதினொரு விநாடி பிந்திவிட்டது. ஆறாம் மாடி கிருபாகரன் காரிலிருந்து இறங்கி வந்து அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுத் திரும்பவும் காரில் ஏறினார். கிருபாகரனைப் பற்றித் தவறாக எண்ணிவிடக் கூடாது. சாந்தசாகரத்தின் அகிம்சை உபகுழுவுக்கு அவரே தலைவர். பொரளையில் 'சினத்தை வெல்வது எப்படி' என்ற பயிலரங்கில் பேசப் போய்க்கொண்டிருந்தார். நேரம் பிந்தினால் யாருக்குத்தான் கோபம் வராது?

சிவக்கொழுந்து கன்னத்தைத் தடவக்கூட இல்லை. புத்தகத்தைத் திறந்தார். 'காலை 8.10. ஆறாம் மாடி சார் எனது இடது கன்னத்தில் அறைந்தார். எண்ணிக்கை ஒன்று.' எழுதிவிட்டுப் பேனையைக் கார் ஜன்னலுக்குள் நீட்டினார்.

"ஒரு கையெழுத்துங்க சார்."

கார் போய்விட்டது. பேனையும் கூடவே போய்விட்டது.

படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்த ஆறாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "அறை வாங்குனதுக்கு ரசீது கேட்ட மொத ஆளு நீதாண்ணே!"

"சிரிக்காத தங்கச்சி. கையெழுத்து இல்லாட்டி நான் பொய் சொன்னவனாயிருவேன். வேல போயிரும்."

"கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு. அத விட என்ன கையெழுத்து வேணும்?"

"அது பொஸ்தகத்துல இல்லியே."

சனிக்கிழமை போயா தினம், பௌர்ணமி விடுமுறை. எல்லோரும் வீட்டில் இருந்தபடியால் காலை பத்து மணிக்கே நிர்வாக சபை அவசரமாகக் கூடியது. வந்திருந்த ஒன்பது உரிமையாளர்களுக்கும் ஒன்பது நாற்காலிகள். சிவக்கொழுந்து உரிமையாளர் அல்லர் என்பதால் சுவரோரம் நின்றார்.

செயலாளர் பூபாலசிங்கம் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். மூக்குக்கண்ணாடியை இறக்கி விட்டுக் கேட்டார்: "என்னத்துக்குக் காணும் இதை எழுதினனீர்?"

"நடக்குறது எல்லாத்தையும் எழுதணும்னு நீங்கதானேங்க ஐயா சொன்னீங்க."

"எல்லாம் எண்டால் எல்லாமே?"

பக்கத்தைக் கிழிக்கவும் வழியில்லை. எண்ணிட்ட பக்கம், நடுவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். ஆகவே நடந்தது வன்முறையா இல்லையா என்று விஞ்ஞானபூர்வமாக ஆராய்வதென்று தீர்மானமாயிற்று. உளவளத்துணையில் டிப்ளோமா பெற்ற மூன்றாம் மாடி ருஷ்தா, வன்முறையின் பதினேழு வடிவங்களைச் சுவரில் ஒளிப்படமாகக் காட்டினாள். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உடல்சார் வன்முறையா? இரத்தம் வரவில்லை, தள்ளுபடி. வாய்மொழி வன்முறையா? அறையும்போது கிருபாகரன் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்காகச் சபை அவரைப் பாராட்டியது. குடும்ப வன்முறையா? இருவரும் உறவினர் அல்லர். இப்படியே பதினேழும் ஒழிந்தன. இடையில் தேநீர் வந்தது. ஒன்பது கோப்பை.

"வடிவம் இல்லாட்டியும் காரணம் இருக்குமே?" என்றாள் ருஷ்தா. "அங்கிளுக்குச் சின்ன வயசில ஏதும் நடந்திச்சா?"

கிருபாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறாம் வகுப்பில ஒருநாள் எல்லாரும் பாக்க என்னை வாங்கில ஏத்தி நிக்க விட்டவை."

சபை உருகிப் போயிற்று. காலி வீதியில் வாகன நெரிசல், வெயில், காலைச் சாப்பாட்டில் குறைந்த உப்பு என்று மேலும் ஆறு காரணங்கள் கிடைத்தன. எட்டாவதைப் பூபாலசிங்கமே கண்டுபிடித்தார். "உமக்கு உயரம் காணாது. கன்னம் சரியாக் கை எட்டுற மட்டத்தில நிக்குது."

"அறிஞ்சு செய்யலீங்க ஐயா," என்றார் சிவக்கொழுந்து. "சார் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். திங்கக்கெழம கம்பனி ஐயா பொஸ்தகத்தைப் பாத்தாருன்னா நான் பஸ் ஏறணும்."

"அறைஞ்சன் எண்டு நான் எப்பிடி ஐசே கையெழுத்து வைக்கிறது?" என்றார் கிருபாகரன். "நான் அகிம்சைத் தலைவர்!"

நெருக்கடியான அந்த வேளையில் எங்கோ ஒரு நுளம்பு ரீங்கரித்தது. பூபாலசிங்கத்தின் முகம் மலர்ந்தது. மேதைகளுக்கு அவ்வளவு போதும்.

"டெங்கு!" என்றார். "சிவக்கொழுந்தின்ர கன்னத்தில நுளம்பு இருந்தது. கிருபா அதை அடிச்சவர். உயிரைக் காப்பாத்தியிருக்கிறார் ஐயா!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பதிவின் கீழே 'திருத்தம்: கன்னத்தில் இருந்த டெங்கு நுளம்பை ஆறாம் மாடி சார் அடித்தார்' என்று சிவக்கொழுந்து எழுத வேண்டும், கிருபாகரன் அதில் கையெழுத்திடுவார். நடுவர்கள் சந்தேகப்படாமலிருக்க ஒரு புதிய விதியும் நிறைவேறியது: 'சாந்தசாகரத்தில் எவர் கன்னத்தில் நுளம்பைக் கண்டாலும், கண்டவர் தாமதமின்றி அடித்தல் வேண்டும்.' முன்மொழிந்தவர் கிருபாகரன். எதிர்த்தவர் எவருமில்லை.

சிவக்கொழுந்து புத்தகத்தில் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். அன்று கொசு எதுவும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. ஆனால் ஒன்பது படித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். எழுதினார். கிருபாகரன் முன் புத்தகத்தை விரித்து வைத்தார். கிருபாகரன் பேனையைத் திறந்து, முனையைக் காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே கொண்டுவந்தார்.

அப்போதுதான் ஒரு நுளம்பு, மெய்யான நுளம்பு, கிருபாகரனின் இடது கன்னத்தில் வந்து உட்கார்ந்தது.

சிவக்கொழுந்து கண்டார். விதி நிறைவேறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தாமதமின்றி என்று வேறு போட்டிருந்தார்கள்.

"அசையாதீங்க சார்," என்று சொல்லிக் கையை ஓங்கினார்.

"ஐயோ! வன்முறை!"

ஒன்பது பேரும் ஒரே குரலில் அலறினார்கள். இரண்டு நாற்காலிகள் கவிழ்ந்தன. நுளம்பு பறந்துவிட்டது. சிவக்கொழுந்தின் கை எவர் மீதும் படாமல் அந்தரத்தில் நின்றது.

சாந்தசாகரத்தின் அறிவாற்றலை அன்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு மணிநேரம் பதினேழு வடிவங்களில் தேடியும் அகப்படாத வன்முறை, ஒரு நொடியில் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. ருஷ்தா ஒளிப்படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்ன வயதில் சிவக்கொழுந்துக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. பொலிசுக்கான முறைப்பாட்டைப் பூபாலசிங்கம் நின்றபடியே எழுதினார். ஒன்பது பேரும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் கையெழுத்து, ஆறாம் மாடி சாருடையது.