வழி விட்டே நின்றுபோன சிப்பு

தனியாக வேலை செய்வதில் ஒரு வசதி உண்டு. தப்பைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் கிடையாது. (வசதி என்றா சொன்னேன்?)

கூடுவாஞ்சேரியில் ஓர் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, ஒரு சின்னக் கம்பெனிக்காகக் கம்ப்யூட்டர் சிப்பு வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பல பிராசசர்கள் ஒரே நினைவகத்தில் எழுதும்போது, ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்துவிடும். அதைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஒன்றுதான் எழுதலாம் என்று அங்கங்கே பூட்டுப் போடுவதற்குள் புரோகிராம் எழுதுகிறவருக்கு முடி கொட்டிவிடும். என் சிப்பில் அந்தக் கவலையே இல்லை. இரண்டு பிராசசர்கள் மோதினால் சிப்பே கவனித்துப் பின்வாங்க வைத்து, மறுபடி செய்யச் சொல்லும்.

கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் வடிவமைத்ததும் நான், சோதித்ததும் நான், ‘சூப்பர்’ என்றதும் நான். மத்தியானம் சாப்பிடும்போது சர்க்யூட் போர்டிடம் பேசுவேன். (குறுக்கே பேசாது.)

மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ஓட்டலில் செயல்விளக்கம். வந்தவர்களுக்குப் பிடித்தால்தான் அந்தச் சிப்பு பிழைக்கும். முன்வரிசையில், பக்கத்துக் குப்பத்தில் மீன் வியாபாரம் செய்யும் என் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில். நான் வணக்கம் சொன்னதற்கே கைதட்டினார்.

“பூட்டே வேண்டாம்! தானாக வழிவிடும்!” என்று முழங்கிவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

வழிவிட்டது. இரண்டு பிராசசர்களும் மோதின. இரண்டும் மரியாதையாகப் பின்வாங்கின. ஒரே நேரத்தில் திரும்பி வந்து மறுபடி மோதின. திரையில் முடிந்த வேலை, பூஜ்யம். அறையில் ஒன்றை ஓடவிட்டு, சற்றுக் கழித்துத்தான் மற்றதை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நொடியில் ஓடவிட்டது அன்றுதான். “இப்ப வந்துடும், இப்ப வந்துடும்” என்று நான் சொல்லச் சொல்ல, கூட்டம் சாப்பிடப் போய்விட்டது.

அண்ணன் மட்டும் எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, ஓடுதா?”

“ஓடிக்கினுதான் கீதுண்ணா. ஒண்ணும் முடியல. ரெண்டும் நீ போ, நீ போன்னு நிக்குது.”

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அடிச்சிக்காம கீதுங்களே. நல்லாதான் வளத்துக்கீற.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. (அவையாவது ஒன்றுக்கொன்று வழிவிடவில்லை.)

மோதினால் ஒவ்வொரு பிராசசரும் வெவ்வேறு நேரம் காத்திருந்து திரும்பும்படி பிறகு திருத்தினேன். சிப்பு பிரமாதமாக ஓடியது. பார்க்கத்தான் ஆளில்லை; கம்பெனி அதைக் கைவிட்டிருந்தது. இப்போது எனக்கு வேறு கம்பெனி, அதே அறை.

அண்ணன் வீட்டு வாசலில் இரண்டு பேர் எதிரெதிரே தயங்கினால் போதும், அண்ணி உள்ளிருந்தே, “அத்தயோட சிப்பு மாரி நிக்காதீங்க, யாராச்சும் ஒர்த்தர் உள்ள வாங்க!” என்பார். (அவர் பிள்ளைகளுக்கு நான்தான் அத்தை.) வீடே சிரிக்கும், நானும்தான்.

அந்த ஜோக்குக்கு இரண்டு பேர் வேண்டும். என் அறை வாசலில் எனக்கு எதிரே யாரும் வருவதில்லை. அதனால் ஞாயிறானால் செங்கல்பட்டு போய், பஸ் மாறி, அங்கே போய்விடுகிறேன்.