துண்டக்காவும் சைவ ஹாஸ்டலுக்கு வந்த கூழைக்கடாவும்

கடலூர் மாவட்டத்தில் துண்டக்காவின் வாயிலிருந்து மரியாதையாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றால், உங்களுக்கு நாலு காலோ, இறக்கையோ, குறைந்தபட்சம் செதிலோ இருக்க வேண்டும். மனிதர்கள் எல்லோரும் அவளுக்கு நீ, வா, போ தான். கல்லூரி அலுவலகத்தில் தலை நரைத்த கிளார்க்கிடம், "என்னா, இன்னும் நீ அத முடிக்கலியா?" என்று அதட்டிவிட்டு வந்தவள், அன்று சாயங்காலமே ஒரு சாரைப்பாம்பிடம், "கொஞ்சம் தள்ளி வாங்க சார், அங்க கண்ணாடி ஒடஞ்சி கெடக்குது" என்று கெஞ்சியதை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சிதம்பரத்தில் நான் படித்தபோது தங்கியிருந்த தனியார் பெண்கள் ஹாஸ்டலில் அவள் எனக்கு ஒரு வருடம் சீனியர். ஊர் காடாம்புலியூர். வீட்டில் முந்திரித் தோப்பு. படித்தது பி.காம். சேவை முழுக்க அணில், ஆந்தை, வௌவால், ஓணான் வகையறாவுக்கு. எந்த ஜீவன் அடிபட்டுக் கிடந்தாலும் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒரு துண்டை எடுத்து மேலே போட்டு மூடி, அப்படியே அள்ளி மடியில் வைத்துக்கொள்வாள்.

"கண்ண மறச்சிட்டா அவுங்களுக்குப் பயம் பூடும்" என்பாள்.

அவுங்களுக்குப் பயம் போகும், சரி. துண்டு யாருடையது என்பதுதான் பிரச்சினை. ஹாஸ்டல் மாடிக் கொடியில் காய்கிற துண்டுகளில் எதையும் அவள் பிரித்துப் பார்த்ததில்லை. என் புத்தம் புது ஈரோட்டுத் துண்டில் ஒரு வௌவால் இரண்டு நாள் ஓய்வெடுத்தது. அறைத் தோழி ஸ்டெல்லாவின் பூப்போட்ட துண்டில் ஓர் அணில் பிரசவமே பார்த்துக்கொண்டது. அப்படி வந்த பெயர்தான் துண்டக்கா. வீட்டில் வைத்த பெயர் என்ன என்று எங்களில் பலருக்குக் கடைசிவரை தெரியாது.

அவளுடைய சேவை எல்லா நேரமும் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டது என்று சொல்ல முடியாது. ஒருமுறை புவனகிரியில் ஒரு வீட்டுக் கிணற்றில் ஆமை விழுந்து தத்தளிப்பதாக அவளுக்கே தோன்றி, வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, மத்தியானம் முழுக்கப் போராடி அதை மேலே எடுத்துவிட்டாள். தூங்கி எழுந்து வந்த வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"ஏம்மா, அது எங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்கதாம்மா இருக்குது. தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு வுட்டது."

துண்டக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு கைகூப்பி, "மன்னிச்சிக்கங்க, தெரியாம தொந்தரவு பண்ணிட்டேன்" என்றாள். வீட்டுக்காரரிடம் அல்ல, ஆமையிடம்.

இந்தச் சேவைக்கு முறைப்படி ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. பெயர் 'உயிர் காக்கும் கரங்கள்'. கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை அதில் கரங்கள் இருந்தன. "கொக்கு ஒன்று காலொடிந்து கிடக்கிறது, யாராவது வர முடியுமா?" என்று போட்டால் போதும், அழும் பொம்மைகளும் கும்பிடும் பொம்மைகளும் வந்து குவியும். ஒருவர் கொக்கைப் பற்றிக் கவிதை போடுவார். இன்னொருவர் அதற்குக் கைதட்டுவார். ஆள் மட்டும் வராது. நேரில் போகிற கரங்கள் துண்டக்காவுடையதும், அவள் இழுத்துக்கொண்டு போவதால் என்னுடையதும் ஸ்டெல்லாவுடையதும்தான். நாங்கள் இருவரும் தன்னார்வலர்கள் என்று குழுவின் முகப்பில் எழுதியிருந்தது. எங்களுக்கு அதில் ஆர்வம் உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஹாஸ்டலை நடத்தியவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஓனரம்மா என்போம். வாசலில் 'சுத்த சைவம்' என்று பெரிய பலகை மாட்டியிருப்பார். ஸ்டெல்லா ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுத் தொக்கை மோப்பம் பிடித்தே கண்டுபிடித்து, பாட்டிலோடு தெருக்குப்பையில் போட்டவர். சமையலறைக்குள் துண்டக்காவின் வௌவால் ஒன்று புகுந்து சாம்பார் அண்டாவைச் சுற்றிப் பறந்த அன்று, எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அறிவித்தார்.

"இதாம்மா கடைசி. இன்னொரு ஜீவன் இந்தப் படியேறிச்சி, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நீ இருக்கணும்."

"சரி" என்றாள் துண்டக்கா. அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதும் நானும் ஸ்டெல்லாவும் மாடிக்குப் போய் எங்கள் துண்டுகளைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளாற்றங்கரையிலிருந்து போன் வந்தது. புவனகிரிப் பக்கம் மீன்பிடிக்கிற ஒருவர் பேசினார். பெரிய பறவை ஒன்று, இறக்கையில் தூண்டில் நைலான் நரம்பு சுற்றிக்கொண்டு, பறக்க முடியாமல் சேற்றில் கிடக்கிறதாம். நாய்கள் வேறு சுற்றுகின்றனவாம். போய்ப் பார்த்தோம். கூழைக்கடா. ஆங்கிலத்தில் பெலிக்கன் என்பார்களே, அலகுக்குக் கீழே ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் புறப்பட்டதுபோலவே இருக்குமே, அது. படத்தில் பார்க்கும்போது சாதுவாகத்தான் தெரியும். நேரில் நிமிர்ந்து நின்றால் என் இடுப்புக்கு வந்தது.

துண்டக்கா துண்டை எடுத்தாள். துண்டு அதன் தலைக்கே பத்தவில்லை. நான் வெயிலுக்குப் போர்த்தியிருந்த துப்பட்டாவை உருவினாள். அதுவும் பத்தவில்லை. கரையில் காய்ந்துகொண்டிருந்த யாருடைய போர்வையையோ ஸ்டெல்லா எடுத்து வந்தாள். மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து நெருங்கினோம்.

"பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றாள் துண்டக்கா.

"நான் பயப்படலக்கா" என்றாள் ஸ்டெல்லா.

"உன்னச் சொல்லல. நீ ஓரமா நில்லு."

அந்த நேரம் பார்த்துக் கூழைக்கடா வாயைத் திறந்தது. ஸ்டெல்லாவின் கை முழங்கை வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஸ்டெல்லா போட்ட அலறலில் அது பயந்து கையை விட்டது, நாய்கள் ஓடின, மீன்பிடிக்கிறவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். போர்வை சரியாக விழுந்தது. தூண்டில் நரம்பு இறக்கைச் சதைக்குள் இறங்கி ரத்தம் உறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் துண்டக்காவின் முகம் மாறியது. அதுவரை வேடிக்கையாக இருந்தது அதற்குப் பிறகு எங்களுக்கும் வேடிக்கையாக இல்லை. அலகை என் தலை ரிப்பனால் மெல்லக் கட்டினாள். "இறுக்கக் கட்டக் கூடாது, மூச்சு முட்டும்" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

வனத்துறைக்கு போன் போட்டாள். அவர்களுடைய வண்டி கொள்ளிடம் பக்கம் ஊருக்குள் புகுந்த முதலையைப் பிடிக்கப் போயிருந்தது. "காத்திருந்தா தாங்காதும்மா, நேரா கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போங்க, நாங்க சொல்லிடறோம்" என்றார்கள். ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்து, ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் டவுன் பஸ்.

கண்டக்டர் போர்வையை உற்றுப் பார்த்தார். போர்வை அவரை உற்றுப் பார்த்தது.

"ஏம்மா, என்னாது இது?"

"பேஷண்ட்டு" என்றாள் துண்டக்கா.

"பேஷண்ட்டுக்கு டிக்கெட்டு?"

"லேடீஸுக்கு இந்த பஸ்ல ஃப்ரீதான?"

கண்டக்டர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். "இது லேடீஸா, ஜென்ட்ஸா?"

"தெரியல. அதையும்தான் டாக்டர்கிட்ட கேக்கப் போறோம்."

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, இப்பத்திக்கி லேடீஸ்னு வெச்சிக்கறேன். திரும்பி வரப்ப ஜென்ட்ஸுன்னு தெரிஞ்சிச்சின்னா டிக்கெட் எடுத்துரணும், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் இருந்த இளைஞனை எழுப்பி, "லேடீஸ் நிக்கிது பாரு" என்றார்.

டாக்டர் தூண்டில் நரம்பை வெட்டி எடுத்துத் தையல் போட்டார். எலும்புக்குச் சேதமில்லை. ஆறுகிறவரை பறக்க விடக் கூடாது, தண்ணீர் வசதியுள்ள, நாய் வராத இடமாக வைத்திருக்க வேண்டும் என்றார். வனத்துறைக் கூண்டில் அன்றைக்கு முதலை குடியேறியிருந்தது. வனக்காவலர் ஒருவர் அவ்வப்போது வந்து பார்ப்பார், ஆறுகிறவரைக்கும் பத்திரமாக எங்காவது வையுங்கள் என்று போனில் சொன்னார்கள். தண்ணீர் வசதி, நாய் வராத இடம் என்றதும் துண்டக்கா எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். ஹாஸ்டல் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற பெரிய பாத்ரூம் ஒன்று இருந்தது.

ஓனரம்மா கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கதவைத் திறந்தார். உள்ளே தொட்டி விளிம்பில் நின்றிருந்த கூழைக்கடா அவர் பக்கம் திரும்பி, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது. ஹாஸ்டலின் சோற்றுக் குண்டான் அந்த வாய்க்குள் தாராளமாகப் போகும்.  ஓனரம்மா பறவையின் தையலைப் பார்த்தார். துண்டக்காவைப் பார்த்தார்.

"அன்னிக்கி நான் என்னா சொன்னேன்?"

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு சொன்ன."

"சொன்ன?"

"சொன்னீங்க."

ஒரு மனிதப் பிறவிக்கு அவள் வாயிலிருந்து 'ங்க' வந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தளவுக்குப் பயந்திருந்தாள். ஆனாலும் ஓனரம்மா கணக்கு டீச்சர். விடை ஒன்றுதான் வரும்.

"அது பாவம், வாயில்லா ஜீவன். ஆறுற வரைக்கும் இங்க இருக்கட்டும். உனக்கு வாய் இருக்கு. நீ பொட்டியக் கட்டு."

இவ்வளவு பெரிய வாயைப் பார்த்துக்கொண்டே ஒருவர் 'வாயில்லா ஜீவன்' என்று சொன்னதற்கு ஸ்டெல்லா சிரித்துத் தொலைத்துவிட்டாள். துண்டக்கா சிரிக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, போகும்போது பாத்ரூம் கதவருகே நின்று, "நல்லா சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் வாட்ச்மேன் குரல் கேட்டது.

"யாரப் பாக்கணும்?"

"கூழைக்கடாவ."

காடாம்புலியூரிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாக பஸ் மாறி மாறி வந்திருந்தாள். விருந்தாளிகள் நேரம் என்று ஹாஸ்டலில் ஒன்று உண்டு. அதற்குள் மீன் போட்டு, தொட்டியைக் கழுவி, காயத்துக்கு மருந்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தினமும் காலையில் கல்லூரி, சாயங்காலம் கூழைக்கடா, ராத்திரி பஸ். அவள் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தாள். அந்தப் பறவை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது.

பெருத்ததற்குக் காரணம் துண்டக்கா கொண்டுவந்த மீன் மட்டுமல்ல. ஒருநாள் காலையில் சுத்த சைவப் பலகைக்கு நேர் கீழே மீன்காரம்மாவின் கூடையை இறக்கி வைத்து, ஓனரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே பேரம் பேசுவதை ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, எனக்கு ஒரு முட்டை கெடையாது. இதுக்குக் கெளுத்தி மீனா?"

"அது பொறப்பு அப்படி. நீ கத்தரிக்காய் சாப்புடுவ. அது சாப்புடுமா?"

கூழைக்கடாவின் பக்கம் நியாயம் இருந்ததால் ஸ்டெல்லா வாயை மூடிக்கொண்டாள்.

காயம் ஆறியது. காவலர் வந்து இறக்கையை விரித்துப் பார்த்து, நாளைக்கு விட்டுவிடலாம் என்றார். வெள்ளாறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் விடுவதென்று முடிவானது. வனத்துறை வண்டியில் பறவையும் துண்டக்காவும். பின்னால் ஆட்டோவில் நான், ஸ்டெல்லா, அழைக்காமலே வந்து ஏறிக்கொண்ட ஓனரம்மா.

கூண்டைத் திறந்தார்கள். கூழைக்கடா வெளியே வந்தது. தண்ணீரைப் பார்த்தது. திரும்பி நடந்து நேராக ஓனரம்மாவிடம் வந்து நின்று வாயைத் திறந்தது.

ஓனரம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "போ... போயேன்... இங்க ஏன் வர?" என்றார்.  முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மீன் வாடையால் வந்த கண்ணீர் இல்லை அது என்று எங்களுக்கே தெரிந்தது. அவ்வளவு நாள் தொட்டி கழுவிய துண்டக்கா, தன்னை விட்டுவிட்டு அது ஓனரம்மாவிடம் போனதைப் பார்த்துக்கொண்டு தள்ளியே நின்றாள். அவள் முகம் கொஞ்சம் அடிபட்ட மாதிரி இருந்தது. பிறகு வந்து, அதன் முன்னால் சேற்றில் மண்டியிட்டாள்.

"மீன் எல்லாம் அங்கதான் இருக்குது. நாங்க குடுத்தது பழசு. இங்க புதுசா கெடைக்கும். கெளம்புங்க. உங்க ஆளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க, பாருங்க."

தூரத்தில் நிஜமாகவே வெள்ளையாக ஒரு கூட்டம் மிதந்துகொண்டிருந்தது. கூழைக்கடா தலையைச் சாய்த்துக் கேட்டது. தண்ணீருக்குள் இறங்கியது. இறக்கையை அடித்து, தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி, விழப்போவதுபோலத் தாழ்ந்து, கடைசி நொடியில் மேலே எழும்பியது. காவலர் கைதட்டினார். துண்டக்கா தட்டவில்லை. அது புள்ளியாகும்வரை நின்றுவிட்டு, எங்களைப் பார்க்காமல் காலில் இருந்த சேற்றைக் கழுவப் போனாள்.

திரும்பும்போது அவளும் எங்களோடு ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரங்கிப்பேட்டை தாண்டியது. ஓனரம்மா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன் கட்டில்ல நான் யாரையும் போடல."

 அன்றைக்குத் துண்டக்கா காடாம்புலியூர் பஸ் ஏறவில்லை.

அந்த வருடம் அவள் படிப்பு முடிந்தது. ஊர்ப்பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது என்று போய்விட்டாள். அவள் போன பிறகு ஹாஸ்டல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. பாத்ரூமில் தண்ணீர் மட்டும் இருந்தது. சமையலறையில் சாம்பார் மட்டும் கொதித்தது. யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடவில்லை. நானும் ஸ்டெல்லாவும் ஓனரம்மாவும் கொஞ்ச நாள் அந்த நிம்மதியைச் சகித்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டெல்லாதான் கேட்டாள். "ஏய், சும்மா காடாம்புலியூர் வரைக்கும் போய்ட்டு வரலாமாடி?"

நான் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனபோது, ஓனரம்மா ஏற்கெனவே புடவை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார்.