பத்மநாபன் அனுப்பிய அரிசி

"பானையிலே அடி தெரியறது," என்று அடுக்களை வாசலில் நின்று சொன்னாள் வடிவாம்பாள்.

"சாரமில்லை, பாத்துக்கலாம்," என்றான் சேஷன், மூடிய கண்ணைத் திறக்காமல்.

வடிவாம்பாள் பயந்துபோனாள். கலியாணமான நாள்முதல் கவலைப்படுவதையே உத்தியோகமாக வைத்திருந்த மனுஷன் அவள் புருஷன். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்ததெல்லாம் மிச்ச நேரத்தில்தான். யுத்தம் வந்து பர்மா அரிசி நின்றுபோனதும் கரமனையில் எல்லோரும்தான் கவலைப்பட்டார்கள். ஆனால் சேஷன் அளவுக்கு யாருக்கும் அது கைவரவில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டால் நேரே தன் வீட்டு ஓட்டின் மேல்தான் போடுவான் என்று தீர்மானமாக இருந்தான்.

முந்தின நாள் பட்டாபி பாகவதரின் காலட்சேபம் கேட்டுவிட்டு வந்ததிலிருந்துதான் இந்த மாற்றம். "கவலைப்படறவன் பகவானை நம்பாதவன். பாரத்தைப் பத்மநாபன் காலடியிலே இறக்கிட்டுக் கையை வீசிண்டு நடங்கோ," என்று சொல்லியிருந்தார் பாகவதர். சேஷன் இறக்கிவிட்டான். இறக்கினது வடிவாம்பாள் தலையில் என்பதை அவன் கவனிக்கவில்லை.

"ரேஷன் கடையிலே போய் நிக்கப்படாதோ?"

"நின்னா அது அவநம்பிக்கை. பகவான் என்ன நெனச்சுப்பான்?"

நம்பிக்கையைப் பகவானுக்குக் கொஞ்சம் காட்டவும் வேண்டுமல்லவா? பானையில் மிச்சமிருந்ததையும் வழித்துக்கொண்டுபோய் ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்களுக்குப் போட்டுவிட்டு வந்தான். வடிவாம்பாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு மணம் போகாமல் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துப் போட்டாள்.

கிழங்கு வயிற்றில் இறங்கியதும் சேஷனுக்குப் பழைய கவலை மெல்லத் தலைகாட்டியது. அதை அடக்க, நேரே பாகவதரின் ஜாகைக்குப் போய், வெள்ளிக்கிழமை தன் வீட்டில் சாப்பிட வர வேண்டும் என்று அழைத்துவிட்டான்.

"ஆத்திலே அரிசி இருக்கோ?" என்று பாகவதர் அக்கறையாகத்தான் கேட்டார்.

"பத்மநாபன் இருக்கான்."

பாகவதர் நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியில், பக்கவாத்தியக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். போதாததற்கு அன்றைய கதையில், "இதே கரமனையிலே சேஷன்னு ஒரு பக்தன். ஆத்திலே ஒரு மணி அரிசி இல்லை. ஆனாலும் எனக்கு இலை போடறான்," என்று ஊருக்கே சொல்லிவிட்டார். அதிசயத்தைப் பார்க்கத் தெருவே வருகிறேன் என்றது. பார்த்துவிட்டுப் போய்விடுவதாக யாரும் சொல்லவில்லை.

"இப்போ என்ன பண்ணப்போறேள்?" என்றாள் வடிவாம்பாள்.

"சாரமில்லை." ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வீட்டில் இலை இருந்தது, உப்பு, புளி, பருப்பு இருந்தது. அரிசிதான் இல்லை. குளிக்கப் போகிற சாக்கில் ஆற்றைக் கடந்து எங்கேயாவது போய்விடலாமா என்று சேஷன் துண்டை எடுத்துத் தோளில் போட்ட சமயம், வாசலில் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது.

"தெருவிலே கடைசி வீடு இதுதானே?" என்றான் வண்டிக்கார வேலாயுதன்.

"ஆமாம்." ஆற்றுக் கோடியில் கடைசி வீடு அவனுடையதுதான். ரோட்டுக் கோடியிலும் ஒரு கடைசி வீடு உண்டு என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

வேலாயுதன் இரண்டு சாக்கைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான். முத்து முத்தான பச்சரிசி.

"யாரப்பா அனுப்பினது?"

"பெரிய சாமி. ஆருகிட்டயும் மிண்டப்பிடாது, வாயைத் திறக்கப்பிடாதுன்னு உத்தரவு." வண்டி போய்விட்டது.

சேஷன் கூடத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் எழுந்திருக்கும்வரை வடிவாம்பாள் காத்திருக்கவில்லை. எந்தச் சாமி என்றும் கேட்கவில்லை. படியை எடுத்து அளந்து, உலையில் போட்டாள்.

தெரு முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டது. பாகவதர் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு இரண்டு தடவை சாதம் கேட்டு வாங்கினார். "மனுஷா வாங்கற அரிசிக்கு இந்த ருசி வராது," என்று கண்கலங்கினார். "இது அவன் அனுப்பினது."

"இன்னும் ஒரு சாக்குக்கு மேலேயே இருக்கு," என்றான் சேஷன் பூரிப்புடன்.

"நாளைக்குன்னு வெச்சுக்கப்படாது, சேஷா. வெச்சுண்டா அது அவநம்பிக்கை. எல்லோருக்கும் பங்கிட்டுடு."

பாகவதரே முன்னால் நின்று, தன் கையாலேயே வாரி வாரிக் கொடுத்தார். சாக்கை உதறிக் கடைசிப் பிடியையும் போட்டுவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வேலாயுதன் வண்டியோடு திரும்பி வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பாகவதர் முன்னால் பணிவாக நின்றான்.

"சாமி, பதுக்கல் சோதனைக்காரங்க உங்க ஜாகையெல்லாம் துழாவிப் பாத்துட்டு ஒண்ணும் கிட்டாமப் போயாச்சு. நீங்க ஒளிச்சு வைக்கச் சொன்ன ரெண்டு சாக்கையும் இனித் திரும்ப ஏத்தட்டா?"