மதிலுக்கு மேலால் போன மீயோட்டம்

அலுவிகாரை

அன்புள்ள மருமகள் சாம்பவிக்கு, மாமா ஆறுமுகநாதன் எழுதிக்கொள்வது. நானும் உன் மாமி நேசம்மாவும் சுகம். ஆய்வுகூடக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

உனக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம். எங்கள் பலாக்கிளை விழுந்து பக்கத்து வீட்டு ரவூப் நானாவின் ஓடுகள் உடைந்ததும், காற்றுக்கு நான் என்ன செய்ய என்று நான் அவரிடம் கேட்டதும், அவர் நடுவில் மதில் எழுப்பியதும் நீ அறிந்ததே. அன்றிலிருந்து பேச்சில்லை. பத்திரிகை வாசித்துவிட்டுச் சண்டை பிடிக்க எனக்கு வேறு ஆளும் இல்லை. அந்த நேரத்தில்தான் நான் நிருபராயிருக்கும் பத்திரிகையின் ஆசிரியர் உன் ஆய்வைப் பற்றிச் சனங்களுக்கு விளங்கும்படி எழுதச் சொன்னார். நீயும் தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னாய்: தடையே இல்லாத மீகடத்திகள் இரண்டு, நடுவில் ஒரு பொருள், அதன் உட்புறம் மின்சாரத்தை விடாது, மேற்பரப்பு மட்டும் விடும், தள்ளிவிட மின்னழுத்தம் எதுவும் இல்லாமலே, இரு பக்கத்து அலைகளும் ஒரே தாளத்தில் இல்லாத வித்தியாசத்தாலேயே அதில் மீயோட்டம் என்ற தடையில்லா மின்னோட்டம் கடக்கும் என்று. உதாரணம் தேடி ஜன்னலால் பார்த்தேன். மதிலுக்கு மேலால் மாமி மோதகம் நீட்ட, நானாவின் மனைவி ஸக்கியா ஒரு தட்டில் வட்டிலாப்ப இனிப்பு நீட்டினார். அதையே எழுதினேன்: மதிலுக்குள் எதுவும் போகாது, மேலால் தட்டு போகும், ஆண்கள் இருவருக்கும் தாளம் ஒத்துவராது, ஆனாலும் யாரும் தூண்டாமலே போகும்.

ஞாயிறு அச்சானது. காலையிலேயே ரவூப் நானா பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வழக்குப் போட வந்திருக்கிறார் என்று மாமி உள்ளே போய்விட்டாள்.

"நிருபர் ஐயா, யாரும் தூண்டலன்னு எழுதியிருக்கீங்க. விசாரிச்சீங்களா?"

இல்லையென்றேன்.

"வட்டிலாப்பம் அவிச்சா மொதத் தட்டு அந்த வீட்டுக்குன்னு ஒவ்வொரு தரமும் ஸக்கியாகிட்ட சொன்னது நான். பேப்பர்ல பொய் எழுதக் கூடாது."

"உள்ள வாங்க நானா," என்றேன்.

நீ மட்டும் அந்த மீயோட்டத்தை விளக்கியிராவிட்டால், மகள், இதை நான் அறியாமலே போயிருப்பேன். உன் பரிசோதனைகள் பலிக்கட்டும், ஆயுசு நீளட்டும். ரவூப் நானா தன் சலாமையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்.

அன்பு மாமா

பின்குறிப்பு: தூண்டுதல் இருந்தபடியால் அது மீயோட்டம் அல்ல, சாதாரண வீட்டு மின்சாரம்தான். ஆசிரியருக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். நீயும் அந்த உதாரணத்தை எங்கும் பாவிக்க வேண்டாம். தட்டு வருவதும் நின்றுவிட்டது. நானா மூன்று வேளையும் இங்கேயே சாப்பிடுகிறார். பேசாமல் இருந்த காலமே நல்லது என்கிறாள் மாமி.