கறுப்புக்கட்டம் போட்ட கலியாணம்

ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தும், அதன் முதல் பக்கத்தை அச்சான பிறகே வாசித்தவன் நான். என் வெட்கம் கிடக்கட்டும். கறுப்புக்கட்டத்தாரின் கைபடாமல் கொக்குவிலில் எவரும் ஒழுங்காகச் செத்ததில்லை.

அவர் ஊர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். கறுப்புக்கட்டம் கட்டிய மரண அறிவித்தல்தான் அவருடைய ராச்சியம்; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். எனக்குக் காய்ச்சலென்று பார்க்க வந்தவர், நெற்றியைத் தொட்டுவிட்டுக் கேட்டார்: "தம்பி, உம்மடை அக்கா இப்ப கனடாவோ, ஜேர்மனியோ?" என் மரண அறிவித்தலில் அக்காவின் நாடு பிழையாகிவிடக்கூடாதாம்.

போரால் தீவுச்சனம் இடம்பெயர்ந்து வந்து யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் சிதறியிருந்த காலம் அது. யார் எங்கே என்று எவருக்கும் தெரியாது. அவர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினேன். பத்திரிகைத் தாள் கிடையாது. பள்ளிக்கூடக் கொப்பித்தாளில், கோட்டின்மேலேயே அடித்தோம்.

முதல் இதழுக்கு வேலாயுதம் என்ற தீவுக்காரர் மகளின் கலியாணச் செய்தியோடு வந்தார்.

"சொந்தம் ஒண்டும் இல்லாமப் பிள்ளைக்குத் தாலி ஏறப்போகுது, தம்பி. என்ரை அண்ணை கரவெட்டியிலையாம். வேலிச் சண்டையிலை முகம் பாக்கிறேல்லை. எண்டாலும் அவர் வரவேணும்."

நான் தலையங்கத்தில் உலக அகதிகள் அனைவருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்ததால், மிச்சத்தைக் கறுப்புக்கட்டத்தாரிடம் விட்டேன். பழகிய கை. வேலாயுதத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, சுற்றிவரத் தடித்த கறுப்புக்கோடு கட்டி, அடியில் "இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்" என்று மரண அறிவித்தலின் வழமைப்படியே முடித்திருந்தார்.

"என்ன அண்ணை செய்து வைச்சிருக்கிறியள்!"

"கட்டம் கட்டாததை இஞ்சை ஆர் ஐசே வாசிக்கிறது?"

அன்று கலியாணத்துக்கு முதல்நாள். பத்திரிகை அதற்குள் சைக்கிளேறிப் போய்விட்டது. பெயர், கட்டம், நாள், இடம் தவிர எவரும் எதையும் வாசிக்கவில்லை.

மறுநாள் வேலாயுதம் பட்டுவேட்டியும் பன்னீர்ச்செம்புமாக வாசற்படலையில் நின்றார். தீவுச்சனம் வெள்ளை உடுத்து அழுதுகொண்டு வந்தது. முன்னால், தலையிலடித்தபடி அண்ணன்காரர்.

"ஐயோ, என்ரை தம்பீ..." ஒப்பாரி பாதியில் நின்றது. "எடேய், நீ உயிரோடையோ நிக்கிறாய்?"

"ஓம் அண்ணை." வேலாயுதம் பன்னீர் தெளித்தார். "உள்ளை வாங்கோ. முகூர்த்தத்துக்கு நேரமாகுது."

அண்ணன்காரர் தம்பியின் தோளைப் பிடித்தவர், வெகுநேரம் விடவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை அறுகரிசி தூவி வாழ்த்த முதல் ஆளாகப் போனார்.

பந்தியில் கறுப்புக்கட்டத்தார் மைபடிந்த விரல்களால் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். திட்ட நினைத்துப் போன நான், என் பாயசத்தையும் அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

வேலாயுதத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கடை எழுத்தொண்டும் இனி வேண்டாம் தம்பி. இளையவளின்ரை கலியாணத்துக்கும் என்னை ஒருக்காச் சாக்காட்டிவிடச் சொல்லி அந்த மனிசனிட்டைச் சொல்லுங்கோ."