ஜாக்கி திருகியதற்கு அத்திபெலேவா?

ஆஸ்டின் டவுன்,
ஞாயிறு சாயங்காலம்.

என் அக்கா பெற்ற செல்வம், புனேயில் கம்ப்யூட்டரை ஆட்டிப் படைக்கும் சிரஞ்சீவி தருணுக்கு, தாய்மாமன் எத்திராஜ் எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தை ரத்தினம்மாளும் இங்கு நலம் என்று எழுதத்தான் ஆசை. வீடு நலமாக இல்லாததால் அதைப் பிறகு பார்ப்போம். போனில் நான் வாயைத் திறந்தாலே ‘மாமா, மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறாய். ஆகவே காகிதத்தில் எழுதியிருக்கிறேன், உன் அத்தை படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். இதை வை பார்க்கலாம்!

நான் அன்றைக்கே சொன்னேன். பக்கத்து மனையில் ஹாஸ்டல் கட்டுகிறேன் என்று பாதாளம் வரை தோண்டினானே, அந்த மெஷின் முதல் வாய் மண்ணை அள்ளும்போதே, ‘நம்ம வீடு கால் வலிக்குதுன்னு உட்காரப் போகுது’ என்றேன், தொம்மலூர் வரைக்கும் கேட்டிருக்கும். அப்படியே நடந்தது. மூலைத் தூண் இறங்கி, சுவரில் பல்லி குடும்பத்தோடு குடியேறும் அளவுக்கு விரிசல். அப்போதாவது மாமனை ஒரு வார்த்தை கேட்டாயா? எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான் நான், ஆனால் இந்தப் பெங்களூரில் பாதிக் கட்டடங்கள் என் கண்ணெதிரில்தான் எழுந்தன. நீயோ நரேஷ் என்று ஒரு கன்னடக்கார இன்ஜினியரை அனுப்பி வைத்தாய். தூணுக்கு அடியில் தோண்டி அஸ்திவாரத்தை அகலப்படுத்த வேண்டுமாம், அதுவரை மாடியின் பாரத்தை யார் தாங்குவது? நம் ஹாலில் வரிசையாக இரும்பு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டார். இப்படித் திருகினால் உயரும், அப்படித் திருகினால் இறங்கும். உன் அத்தை சீரியல் பார்த்தால் மாமியார் மட்டும்தான் தெரிகிறாள், மருமகள் ஜாக்கிக்குப் பின்னால் நின்று அழுகிறாள்.

நரேஷ் கிளம்பும்போது என் தோளில் கை போட்டு, ‘அங்கிள், உங்க அனுபவம் நமக்கு எல்லி, எங்க வரும்? தினம் காலைல நீங்களே ஒரு திருகு திருகிடுங்க. வீடு உங்க கையில’ என்றார். சொன்ன சொல் தவறாமல் திருகினேன். வெறும் கையால் திருகினால் திருப்தியில்லை என்று பழைய குழாய்த் துண்டு ஒன்றை மாட்டித் திருகினேன். உத்தரம் ‘கிர்ர்’ என்று எனக்கு நன்றி சொன்னது.

இன்று காலை மாடியில் குடியிருக்கும் அனந்தபத்மநாபன் மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல காரியம் நடக்கும்போது மாடி கொஞ்சம் நிமிர்ந்து நிற்கட்டுமே என்று கூடுதலாக ஒரு திருகு. இதில் என் தப்பு என்ன? அந்த நேரம் பார்த்துப் பெண்ணைப் பெற்ற மனுஷன் குளிக்கப் போனது என் தப்பா? மாடியில் பாத்ரூம் கதவுச் சட்டம் கோணிக்கொண்டு, கதவு அசையவில்லை. சத்தம் கேட்டு நான் மேலே ஓடினால், சோபாவில் மாப்பிள்ளையின் அப்பா சந்தானம்.

‘சம்பந்தி எங்கங்க?’

‘உள்ள இருக்கார்’ என்றாள் பெண்ணின் அம்மா பாகீரதி.

‘வரச் சொல்லுங்களேன்.’

‘அவருக்கும் அதாங்க ஆசை.’

உள்ளேயிருந்து குரல் வந்தது: ‘வணக்கங்க! நீங்க கேசரி சாப்பிடுங்க, நான் இங்கேருந்தே பேசறேன்!’

‘யாரும் பயப்படாதீங்க, இன்னும் ஒரே திருகுல சரியாயிடும்’ என்று தைரியம் சொல்லிவிட்டுக் கீழே வந்து குழாயைப் பிடித்தேன். விரிசல் விரியுதா என்று பார்க்க நரேஷ் அதன் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு ‘பட்’டென்று தெறித்தது. ‘ஏங்க, அதைக் கீழ போடுங்க! மேல ஒரு மனுசன் ஈரத் துண்டோட நிக்கிறான், வீட்டையே ஏத்திக்கிட்டிருக்கீங்க!’ என்று உன் அத்தை கத்தியதில் எதிர்வீட்டு ஹெர்பர்ட்டும் வந்துவிட்டார். அவரே நரேஷுக்குப் போன் போட்டார். அந்த ஆள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால், ‘அய்யோ அங்கிள், இது தாங்கறதுக்கு! தூக்கறதுக்கு இல்ல!’ என்று என்னைப் பார்த்துக் கத்தினார். என்னைப் பார்த்து! பிறகு ஒவ்வொரு ஜாக்கியாகத் தளர்த்த, மேலே கதவு தானாகத் திறந்து, அனந்தபத்மநாபன் துண்டோடு சபை நடுவில் பிரசன்னமானார். மாப்பிள்ளை வீட்டார் ‘கலந்து பேசிச் சொல்றோம்’ என்று படியிறங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் ரசனை போதாது.

இதற்கு நீ போனில் சொன்ன தீர்ப்பு என்ன? ‘மாமா, நீங்க வீட்ல இருந்தா நரேஷ் வேலை செய்யமாட்டாராம். முடியற வரைக்கும் அத்திபெலேல அம்மாகிட்ட போய் இருங்க.’ திருகச் சொன்னவன் இருப்பான், திருகினவன் போகணுமா? எந்த ஊர் நியாயம்டா இது? உன் அம்மா என்னை உள்ளேகூட விடமாட்டாள், வாசலிலேயே ‘வீட்டையும் உடைச்சிட்டியா?’ என்பாள். இந்த வயதில் அக்கா கையால் ராகிக் களி வாங்கித் தின்றுகொண்டு அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? நரேஷை இன்றைக்கே நிறுத்து. தூணைச் சுற்றித் தோண்டிய பள்ளம் திறந்து கிடக்கிறதே என்று கேட்காதே, அதை நான் பார்த்துக்கொள்வேன். நரேஷா, நானா? இரண்டில் ஒன்று சொல்.

உன் மனைவி தீபிகாவுக்கு எங்கள் ஆசி. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், மாமனைத் துரத்தும் காரியம் மட்டும் கூடாமல் போகட்டும்.

எந்த முட்டும் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும் உன் மாமன்,
எத்திராஜ்

பி.கு.: உன் அத்தை இதைப் படித்துவிட்டு, ஒரு விஷயம் சேர்க்காவிட்டால் படம் பிடிக்க மாட்டேன் என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். தினமும் திருகச் சொல்லி நரேஷ் சொன்னதாக எழுதியிருக்கிறேன் அல்லவா, அவர் அப்படிச் சொல்லவில்லை. அது நான் போட்டது. யாரும் கை வைக்கக் கூடாது என்று கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, இரண்டையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஆகவே அவரை நிறுத்திவிடாதே. அந்தப் பள்ளத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்றதும் சும்மாதான். நாளைக் காலை பஸ்ஸில் அத்திபெலே போகிறேன். உன் அம்மாவிடம் மட்டும் ஒரு போன் போட்டு, ‘இன்ஜினியர் மாமாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு, போகாதீங்கன்னு அழுதாராம், மாமாதான் ரெஸ்ட் வேணும்னு கிளம்பிட்டாராம்’ என்று சொல்லிவிடு. அழுததை நீயே நேரில் பார்த்தது போலச் சொல்.